போத்தல் மீன்: ஒரு மறுப்பு

சண்டைமீனுக்குத் தொட்டி வேண்டியதில்லை, ஒரு ஜாம் போத்தலே போதும் என்னும் கூற்று இந்நாட்டில் ஏறத்தாழ ஒரு பழமொழியின் நிலையை எய்திவிட்டது. அலங்கார மீன் விற்போர் அதனைச் சொல்லி விற்கின்றனர். வாங்குவோர் அதனை நம்பி வாங்குகின்றனர். பல்கலைக்கழக விடுதிகளின் மேசைகளிலே, பாடக்குறிப்புகளுக்கும் தேநீர்க் கோப்பைக்கும் இடையில், அரை லீற்றர் நீருக்குள் ஒரு நீல மீனோ சிவப்பு மீனோ அசைவற்று நிற்பதை எந்தப் பீடத்து மாணவரும் கண்டிருப்பர். ஏன் இப்படி எனக் கேட்பின் விடை ஆயத்தமாக இருக்கும்: "அது காற்றைச் சுவாசிக்கும் மீன்; சேற்றுக்குழியில் வாழ்வது; தனிமையை விரும்புவது; போத்தலில் விட்டாலும் சாகாது." இவற்றுள் முதலாவது உண்மை. இரண்டாவது அரை உண்மை. மூன்றாவது உண்மையைத் திரித்துரைப்பது. நான்காவதோ, உண்மையாயினும் அன்றாயினும், ஒரு நியாயமாகக் கொள்ளத்தக்கதே அன்று. சாகவில்லை என்பதை வாழ்கின்றது என்பதற்குச் சான்றாகக் காட்டும் இத்தருக்கமே இங்கு மறுக்கப்பட வேண்டியது.

முதலில் பெயரை நோக்குதல் தகும். தாய்லாந்து மக்கள் இம்மீனைப் 'பிளா காட்' என்பர். கடிக்கும் மீன் என்பது அதன் பொருள். டென்மார்க் நாட்டு மருத்துவரான தியடோர் கன்ரர் 1849இல் இதனைப் பற்றி எழுதியபோது, போர்க்குணம் உடையது என்னும் பொருள்பட ஓர் இலத்தீன் அடைமொழியைச் சூட்டினார். அவ்வடைமொழி வேறோர் இனத்துக்கு ஏற்கெனவே உரியதாகிவிட்டமையைக் கண்ட பிரித்தானிய விலங்கியலாளர் சார்ள்ஸ் ரேற் றீகன், 1910இல் 'பெற்றா ஸ்பிளெண்டென்ஸ்' எனப் பெயரை மாற்றியமைத்தார். ஒளிர்வது, எழில் மிக்கது என்பது இரண்டாம் சொல்லின் பொருள். விஞ்ஞானம் போரைக் கைவிட்டு எழிலைத் தேர்ந்துகொண்ட பின்னரும் சந்தை பழைய பெயரையே பற்றி நிற்கின்றது. காரணம் வெளிப்படை. எழில்மிக்க உயிர் ஒன்றைப் போத்தலில் அடைத்தால் பார்ப்பவர் வினவக்கூடும். சண்டைக்காரனை அடைத்தால் எவரும் வினவுவதில்லை.

உண்மையில் அச்சண்டைக்குணமும் பெரும்பகுதி மனிதன் ஆக்கியதே. இயற்கைச் சூழலில் இரு ஆண்மீன்கள் எதிர்ப்பட்டால் மோதல் சில நிமிடங்களில் முடிந்துவிடும். தோற்றது புல்லிடையே ஒதுங்கிக்கொள்ளும். பந்தயம் கட்டுவதற்கென்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்க்கப்பட்ட மரபினவோ மணிக்கணக்கில் விடாது பொரக்கூடியவை. இம்மீன் பல நூற்றாண்டுகளாகவே மனிதரின் கையில் வளர்ந்து வந்துள்ளதென 2022இல் வெளியான மரபணு ஆய்வொன்று கணித்துள்ளது. நெல்லையும் நாயையும் போலவே இதுவும் மனிதன் வனைந்த உயிர். 2019ஆம் ஆண்டு பெப்ரவரியில் தாய்லாந்து அரசு இதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகப் பிரகடனம் செய்தது. அத்தேசிய உயிரினத்தின் ஆண்கள் அந்நாட்டுப் பண்ணைகளிலேயே தட்டையான பழைய சாராயப் போத்தல்களில் வரிசை வரிசையாக அடுக்கி வளர்க்கப்படுகின்றன என்பதையும் உடன் சொல்லவேண்டும். போத்தல் வழக்கத்துக்கு மூலமும் அதுவே. பண்ணையாளன் ஆயிரக்கணக்கான ஆண்மீன்களைச் சில கிழமைகளுக்குப் பிரித்து வைக்கக் கண்ட ஏற்பாடு, வாங்கியவன் மேசையில் வாழ்நாள் முழுவதற்குமான வீடாகிவிட்டது. நெல்மூட்டை ஏற்றிய லொறியிலேயே குடும்பத்தைக் குடியிருத்துவதற்கு ஒப்பானது இது.

இனி மூச்சைப் பற்றிய வாதம். சண்டைமீன் காற்றைச் சுவாசிக்கும் என்பது ஐயத்திற்கிடமற்றது. செவுள்களுக்கு மேலே, முதலாம் செவுள் வளைவிலிருந்து தோன்றிய மடிப்புமடிப்பான ஓர் உறுப்பு அதற்கு உண்டு. மேற்பரப்புக்கு வந்து ஒரு மிடறு காற்றை விழுங்கி, அதிலுள்ள ஒட்சிசனை அம்மடிப்புகளினூடாக இரத்தத்துக்கு அது ஏற்றிக்கொள்கிறது. தமிழர்க்கு இது புதுமையான செய்தியும் அன்று. இதே உறுப்பைக் கொண்ட மற்றொரு மீனுக்குத் தமிழ் வழக்கு 'பனையேறி' எனப் பெயரிட்டிருக்கிறது. 1791இல் தரங்கம்பாடியில் ஒரு பனையின் மீது அம்மீனைக் கண்டதாக டால்டோர்வ் என்னும் டேனிய அதிகாரி எழுதிய குறிப்பு 1797இல் இலண்டனில் அச்சேறி, ஐரோப்பிய அறிஞரிடையே நெடுங்காலம் விவாதத்துக்கு உரியதாயிற்று. அது மெய்யாகவே பனை ஏறுமா என்பது வேறு விடயம். நீரை விட்டு வெளியேறியும் அது நெடுநேரம் உயிர்த்திருக்கும் என்பதைப் பெயரிட்டவர் அறிந்திருந்தனர்.

விராலும் காற்றைச் சுவாசிக்கும் மீனே. சந்தைக்குக் கொணரப்பட்ட விரால், ஈரச்சாக்கின் மீதோ நாலங்குல நீர் கொண்ட பாத்திரத்திலோ மணிக்கணக்கில் துடித்துக்கொண்டு கிடப்பதைக் காணாதவர் இலர். அதனைக் கண்டு, விராலின் இயல்பான வாழிடம் மீன்காரரின் பாத்திரம் என எவரேனும் முடிவு செய்ததுண்டா? செய்யவில்லை, ஏனெனில் விராலின் வீடு குளம் என்பதை எல்லோரும் கண்ணாரக் கண்டிருக்கின்றனர். சண்டைமீனின் வீட்டை இங்கு எவரும் கண்டதில்லை. அதனைக் கண்ட முதலிடமே கடைக்காரனின் போத்தல். ஆகவே போத்தலே அதன் பிறப்பிடம் போலத் தோன்றிவிடுகிறது. அறியாமை இவ்வாறு இயற்கை விதியாக வேடம் பூணுகின்றது.

மேலும், மூச்சு வேறு; கழிவு வேறு. ஒட்சிசன் குறைந்த நீரில் சண்டைமீன் மூச்சுவிட வல்லது என்பது மெய்யே. ஆனால் பெரும்பாலான மீன்களைப் போலவே அதுவும் உடற்கழிவை அமோனியாவாகச் செவுள்களின் வழியே நீரில் வெளிவிடுகின்றது. அந்த அமோனியா செவுளை அரிக்கும், செட்டையைச் சிதைக்கும், நோய்க்கு வழி திறக்கும். காற்றை விழுங்கும் ஆற்றல் இந்நஞ்சுக்கு மருந்தாகாது. ஜாம் போத்தலின் கொள்ளளவு அரை லீற்றர். இருபது லீற்றர் தொட்டியொன்றில் அதே மீன் அதே அளவு உணவை உண்டு அதே அளவு கழிவை விடுமாயின், நஞ்சின் செறிவு நாற்பதில் ஒன்றாகும். இதற்கு இரசாயனம் கற்றிருக்க வேண்டியதில்லை. வகுத்தல் தெரிந்திருந்தாற் போதும்.

தொட்டியின் சிறப்பு அளவோடு முடிவதுமன்று. சில கிழமைகள் ஒழுங்காகப் பேணப்பட்ட தொட்டியிலே, கண்ணாடியிலும் மணலிலும் இலைகளிலும் வடிகட்டியின் பஞ்சிலும் கண்ணுக்குப் புலனாகாத பற்றீரியாக்கள் குடியேறுகின்றன. அவற்றுள் ஒரு சாரார் அமோனியாவை நைத்திரைற்றாகவும், மற்றொரு சாரார் நைத்திரைற்றைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றனர். இக்குடியேற்றம் நிறைவுற நான்கு தொடக்கம் ஆறு கிழமைகள் செல்லும். அதுவரை பொறுத்திருந்து பின்னர் மீனை விடுவதே மீன் வளர்ப்பின் முதற்பாடம். இந்நாட்டில் மீன் வாங்குவோருட் பெரும்பாலோர் அறியாத பாடமும் அதுவே. விற்பவர் அதனைக் கூறுவதில்லை. மீனை இன்றே கொண்டுபோகவேண்டும், தொட்டி ஒரு மாதத்தின் பின் ஆயத்தமாகும் என்றால் எவர் வாங்குவர்?

போத்தலில் இப்பற்றீரியாக்கள் நிலைகொள்ள இடமுமில்லை, அவகாசமுமில்லை. ஏனெனில் போத்தல் வளர்ப்பாளரிடம் ஒரு வாராந்தச் சடங்கு உண்டு. ஞாயிறுதோறும் மீனைக் கோப்பையொன்றில் ஊற்றி, போத்தலைச் சவர்க்காரமிட்டுப் பளபளவெனக் கழுவி, குழாய்நீரை நிரப்பி, மீனை மீண்டும் அதனுள் விடுவர். பற்றோடும் பரிவோடும் செய்யப்படும் இச்சடங்கே பல மீன்களுக்கு எமனாகின்றது. குழாய்நீரின் குளோரீன் செவுளைச் சுடுகிறது. சவர்க்காரத்தின் எச்சம் மீனின் மேற்றோலைக் காக்கும் வழுவழுப்பைக் கரைக்கிறது. நீரின் வெப்பநிலை ஒரு கணத்தில் பல பாகை மாறுகிறது. அடுத்த நாள் மீன் அடியில் கிடந்தால், 'விற்றவன் ஏமாற்றிவிட்டான்' என்பர். கொன்றது அலட்சியம் என்றால் திருத்துவது எளிது. அன்போடு கூடிய அறியாமையைத் திருத்துவதே அரிது. குழாய்நீரைத் திறந்த வாளியில் ஓரிரு நாள் வைத்திருந்தாலோ, கடைகளில் விற்கும் தையோசல்பேற்றுக் கரைசலில் சில துளி விட்டாலோ குளோரீன் நீங்கிவிடும். வாரமொருமுறை நீரில் கால்வாசியை மாத்திரம் மாற்றுதல் போதும். சவர்க்காரம் எக்காலத்தும் வேண்டா.

யாழ்ப்பாணத்தவர்க்கு இவ்விடத்துத் தனியாக ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. குடாநாட்டின் கிணற்றுநீரில் குளோரீன் இல்லையாதலால் அது மீனுக்கு நல்லது என்பது அங்குள்ள நம்பிக்கை. சுண்ணாம்புக்கல்லில் ஊறிய அந்நீர் கடினமானது, காரத்தன்மையின்பால் சாய்வது. அமோனியாவின் நச்சுத்தன்மையோ நீரின் காரத்தன்மையோடு ஏறுவது: பி.எச். பெறுமானம் 7இலிருந்து 8ஆக உயரும்போது நச்சு வடிவிலுள்ள அமோனியாவின் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. வெப்பம் கூடினும் அது கூடும். எனவே, கொழும்பிலோ கண்டியிலோ போத்தலில் ஒருவாறு காலங்கடத்தும் மீன் யாழ்ப்பாணத்துப் போத்தலில் அவ்வாறு கடத்தும் என்பதற்கு உறுதியில்லை. தோட்டங்களின் உரத்தால் அங்குள்ள கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதும் நெடுங்காலமாக அறியப்பட்டதே. மீனுக்கு மட்டுமன்றி மனிதர்க்கும் கவலை தரவேண்டிய செய்தி அது. ஆயின் அது வேறொரு கட்டுரைக்கு உரியது.

அடுத்து, சேற்றுக்குழி. 'மாட்டின் குளம்படியில் தேங்கிய நீரிலும் வாழும் மீன்' என்று இதனை வருணிப்பவர்கள், தாம் ஒரு விஞ்ஞான உண்மையை எடுத்துரைப்பதாகவே எண்ணுகின்றனர். சண்டைமீனின் தாயகம் மத்திய தாய்லாந்தின் சமவெளிகளிலுள்ள நெல்வயல்களும் சதுப்புகளும் வாய்க்கால்களுமாம். அந்நீர் ஆழமற்றது, ஆனால் ஆழமின்மையும் குறுகலும் ஒன்றல்ல. வயலைக் கண்ட எவரும் இதனை ஒப்புவர். கிளிநொச்சியிலோ அம்பாறையிலோ மாரி வயலில் நிற்கும் நீரின் ஆழம் ஒரு சாணாக இருக்கலாம். அதன் பரப்போ கண்ணுக்கெட்டிய தூரம். அச்சாண் நீரிலே நெற்றாள்களின் நிழலும், பாசியும், பூச்சிகளும், ஒதுங்க ஆயிரம் மறைவுகளும் உண்டு. போத்தலாளர் அவ்வயலிலிருந்து ஆழத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டு பரப்பை விட்டுவிடுகின்றனர்.

வரட்சிக் காலத்தில் வயல் வற்றும்போது, எஞ்சிய குழிகளிலும் ஈரச்சேற்றிலும் சில மீன்கள் தப்பிப்பிழைப்பது மெய்யே. அது பேரிடரில் உயிர்காக்கும் இறுதி உபாயம். மழை வரும் என்னும் நியதியின் மேல் நிற்கும் பொறுமை அது. பதுங்குகுழிகளுக்குள் இரவுபகலாக முடங்கிக் கிடந்து உயிர்தப்பிய மக்களைக் கண்ட நாடு இது. பதுங்குகுழி அம்மக்களின் இயல்பான வாழிடம் என்றோ, அதற்குள் தப்பினார்கள் ஆதலால் அவர்களுக்கு வீடு வேண்டியதில்லை என்றோ எழுத எவருக்கும் மனம் துணியாது. மீனின் விடயத்தில் மாத்திரம் அத்தருக்கம் கூசாமல் ஓதப்படுகிறது. மனிதனையும் மீனையும் ஒரே தட்டில் வைப்பதற்காக இது கூறப்படவில்லை. தருக்கம் எங்கு பொய்யோ அங்கு எல்லாம் பொய்யே என்பதற்காகக் கூறப்பட்டது.

தனிமை பற்றிய வாதத்துக்கு நீண்ட விடை வேண்டியதில்லை. வளர்ந்த ஆண்மீன் இரண்டினை ஒரு தொட்டியில் விடலாகாது என்பது சரி. அதனால் ஒரு மீனுக்கு ஒரு தொட்டி என்பது பெறப்படுமேயன்றி, ஒரு மீனுக்கு ஒரு போத்தல் என்பது பெறப்படுவதில்லை. தன் எல்லையைக் காக்கும் உயிருக்கு எல்லை என ஒன்று இருந்தாக வேண்டும். ஆண்மீன் நீரின் மேற்பரப்பில் உமிழ்நீர்க் குமிழிகளால் ஒரு கூடு சமைக்கிறது. பெண்மீன் இடும் முட்டைகள் கீழே அமிழும்போது, ஒவ்வொன்றாக வாயிற் கவ்விச் சென்று அக்குமிழிகளிடையே ஒட்டுகிறது. குஞ்சுகள் பொரித்து நீந்தத் தொடங்கும் வரை, வீழ்வனவற்றை மீளவும் எடுத்து வைத்துக் காவல் நிற்பதும் தந்தையே. 'சண்டைக்காரன்' எனப் பெயர்பெற்ற உயிரின் வாழ்க்கையில் மிகப் பெரும் பணி தாய்மைக்கு ஒப்பான இப்பணி என்பதைப் போத்தலாளர் அறிந்திருப்பாராயின் நன்று.

இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது அட்டை விளையாட்டு. இரு போத்தல்களை அருகருகே வைத்து இடையில் ஓர் அட்டையைச் செருகி, விருந்தினர் வரும்போது அட்டையை உருவிக் காட்டுவது விடுதிகளிற் பெருவழக்கு. மீன்கள் செட்டை விரித்து, செவுள்மூடிகளை உயர்த்தி, நிறம் ஏறிக் கண்ணாடியில் மோதுகின்றன. பார்ப்பவர் கைதட்டுகின்றனர். இதனை நியாயப்படுத்த, சற்றுப் படித்தவர்கள் ஓர் ஆய்வையும் மேற்கோள் காட்டுவர்: சண்டைமீன்கள் தம் பிம்பத்தைக் கண்ணாடியிற் காண்பதற்காகவே ஒரு குறித்த செயலைத் திரும்பத் திரும்பச் செய்யக் கற்றுக்கொள்கின்றன என 1963இல் அமெரிக்க உளவியலாளர் ஒருவர் பரிசோதனையாற் காட்டினார். எனவே மீனுக்கு இது களிப்பே என்பது அவர்தம் முடிவு. அப்பரிசோதனை காட்டியது, எதிரியின் தோற்றம் அம்மீனை ஈர்க்கின்றது என்பதை மாத்திரமே. ஈர்ப்பு வேறு, களிப்பு வேறு. மெய்யான மோதலுக்கு ஒரு முடிவு உண்டு. ஒன்று வெல்லும், மற்றையது விலகும். கண்ணாடிக்கு அப்பாலுள்ள எதிரி தோற்பதுமில்லை, விலகுவதுமில்லை.

போத்தலுக்கு எதிராகப் பேசுவோரிலும் ஒரு சாரார் வேறொரு குற்றத்துக்கு உடந்தையாகின்றனர். அவர்கள் அழகிய தொட்டி வைத்திருப்போர். மீனைப் போட்டிக்கு அனுப்புவோர். பாதிவட்டமாக விரியும் 'அரைமதி' வால், இந்தோனேசியாவில் 1990களின் பிற்பகுதியில் தோன்றிய 'முடி' வால், தோட்செட்டைகள் பெருத்த 'யானைக்காது', உலோகம் போன்ற தடித்த செதில்கள் போர்த்த 'டிராகன்' என வகை பெருகிவருகிறது. இயற்கை மீனின் செட்டைகள் குறுகியவை. நிறமும் பெரும்பாலும் மங்கிய பழுப்புப் பச்சையே. அது அம்புபோல் நீந்தும். அரைமதியோ, தன் வாலின் பாரத்தைத் தாங்கமாட்டாது இலையொன்றின் மீது சாய்ந்து இளைப்பாறும். சில, தம் வாலைத் தாமே கடித்துக் குதறும். டிராகன் வகைகள் சிலவற்றில் செதில் வளர்ச்சி கண்ணின் மேலும் படர்ந்து பார்வையை மறைத்துவிடும். இரட்டைவால் வகையில் முள்ளந்தண்டு குறுகிப்போவதுண்டு. நடக்கவொண்ணாதபடி சீனத்துப் பெண்களின் பாதங்களைக் கட்டிய காலத்து ரசனையை இன்று எல்லோரும் பழிக்கின்றனர். அதே ரசனை ஒரு சாண் கண்ணாடிக்குள் பரிசு பெறுகிறது.

'எப்படியாயினும் அது மீன்தானே?' என்பது அடுத்த தடை. மீனுக்கு வேதனை உண்டா என்னும் வினா அறிஞரிடையே இன்னும் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை என்பது ஒப்புக்கொள்ளத்தக்கது. எனினும் 2003இல் பிரித்தானியாவில் லின் சினெடன் என்பாரும் உடனாய்வாளரும் வெளியிட்ட ஆய்வு இவ்விவாதத்தின் திசையையே மாற்றியது. திரௌட் மீனின் முகத்தில் தீங்கை உணரும் நரம்பு முனைகள் உள்ளமையை அவர்கள் காட்டினர். உதட்டில் அமிலமோ தேனீயின் நஞ்சோ ஏற்றப்பட்ட மீன்கள் பக்கத்துக்குப் பக்கம் ஆடின. நெடுநேரம் உணவை நாடாதிருந்தன. அமிலம் ஏற்றப்பட்டவை தொட்டியின் அடிக்கற்களில் உதட்டை உரசின. இலங்கையின் சட்டமும் இவ்விடயத்தில் பொதுமக்களின் அறிவைவிட முன்னே நிற்கிறது: 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைக் கட்டளைச்சட்டம் 'விலங்கு' என்பதனுள் சிறைப்பட்ட மீனையும் அடக்குகிறது. அச்சட்டம் மீன் வளர்ப்போர்மேல் ஏவப்பட வேண்டும் என்பதன்று கருத்து. மீனுக்கு ஓர் உரிமை உண்டு என எண்ணுவது அண்மைக்காலத்து மேனாட்டு மோகம் என்போர், அது தம் பாட்டனார் காலத்துச் சட்டநூலிலேயே இருப்பதை அறிதல் வேண்டும்.

இவற்றினும் வலிய தடை ஒன்று உண்டு. அது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. காணாமற்போனோரின் உறவினர் வீதியோரத்தில் ஆண்டுக்கணக்காக அமர்ந்திருக்கும் நாட்டில், 2022இன் பொருளாதார நெருக்கடியில் ஒருவேளை உணவைக் குறைத்துக்கொண்ட குடும்பங்கள் இன்னும் தலைநிமிராத நாட்டில், ஒரு மீனின் தொட்டியளவைப் பற்றிப் பல்கலைக்கழகத்தவர் விவாதிப்பது வசதிபடைத்தோரின் விளையாட்டு அல்லவா என முற்போக்காளர் கேட்பர். கேள்வி நேர்மையானது. ஆயினும் அது யாரை நோக்கிக் கேட்கப்படுகிறது என்பதைப் பார்க்கவேண்டும். மீனை வாங்கிய மாணவனை எவரும் நிர்ப்பந்திக்கவில்லை. வாங்காதிருந்தால் அவனுக்கு யாதொரு கடமையும் இல்லை. அவன் தன் விருப்பத்தினால், தன் மேசைக்கு அணியாக, ஓர் உயிரை விலைகொடுத்து வாங்கினான். வாங்கிய கணத்தில் அவ்வுயிரின் நீரும் உணவும் வெளியும் அவன் ஒருவன் கையிலேயே வந்துவிட்டன. அயலவரின் துயரத்தைக் காட்டி அக்கடனைத் தட்டிக்கழிப்பவன் அயலவருக்கும் ஒன்றும் செய்யப்போவதில்லை. போத்தலின் நீரை மாற்ற மறந்தவன், மாற்றாமற் சேமித்த நேரத்தை மக்கள் சேவைக்கு ஈந்தான் என்பதற்கு எந்த விடுதியிலும் சான்றில்லை.

செலவு என்னும் வாதமும் நிலைக்காது. கண்ணாடியும் மின்விளக்கும் பார்ப்பவருக்கே வேண்டியவை. மீன் கேட்பது அகலம். இருபது லீற்றர் கொள்ளும் பிளாஸ்ரிக் பேசின் ஒன்று, நிறப்பகட்டான மீனின் விலையைவிடக் குறைவாகவே இருக்கக்கூடும். அதில் ஒரு பிடி மணல், குளத்திற் களையெனப் பிடுங்கியெறியப்படும் ஐதரில்லாவை நன்கு கழுவி ஒரு கொத்து, ஒதுங்க ஓர் உடைந்த மண்சட்டி, நீரை மெல்ல அசைக்கும் சிறு பஞ்சு வடிகட்டி ஆகியவை இருந்தால் மீன் குறை சொல்லாது. தாய்லாந்து வளர்ப்பாளர் நீரில் இடும் நாட்டுவாதுமையின் காய்ந்த இலை இங்கு மரத்தடிகளில் இலவசமாகவே கிடக்கிறது. மேலே மூடியொன்று வேண்டும், இம்மீன் துள்ளும். ஆனால் காற்றுப் புகாத மூடி ஆகாது.

உணவிலும் பிழை மலிந்துள்ளது. பாண் துகளும் சோற்றுப் பருக்கையும் இம்மீனின் உணவல்ல, இது பூச்சியுண்ணி. செடியின் வேரைத் தின்று வாழும் என்று கூறி, பூச்சாடிக்குள் செடியையும் மீனையும் ஒன்றாக வைத்து அமெரிக்காவில் ஒரு காலத்தில் விற்றனர். அச்சாடிகளில் மீன்கள் பட்டினியாற் செத்தமைதான் மிச்சம். நுளம்புக் குடம்பிகளே இதன் விருப்பமான உணவு. டெங்கு மலிந்த நாட்டில் அவற்றுக்குப் பஞ்சமிருக்காது என்பது கசப்பான வசதி. கடையில் விற்கும் குருணையாயின் நாளொன்றுக்கு நாலைந்து போதும், மிகுதி அமோனியாவாகும்.

வெப்பத்தைப் பொறுத்தவரை இத்தீவு பேறு பெற்றது. ஐரோப்பியர் மின்சூடாக்கி கொண்டு பெறும் 26, 27 பாகையைக் கொழும்பும் யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் இயல்பாகவே தருகின்றன. பேராதனையிற் கதை வேறு. தை மாதத்து இரவுகளில் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்கும். அரை லீற்றர் நீர் அறையோடு உடனே குளிரும், இருபது லீற்றர் மெல்லவே குளிரும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவில் இருப்பதால், சூடாக்கி இன்றி அங்கு இம்மீனை வளர்க்க முனைதல் கூடாது. குளிரில் அசையாது நிற்கும் மீனைக் கண்டு 'சாதுவான மீன்' என்று மகிழ்வோரும் உளர்.

இறுதியாக விடுமுறை. பரீட்சை முடிந்து விடுதிகள் மூடப்படும் நாளில் போத்தல் மீனின் கதி என்னவாகின்றது என்பதை எவரும் பேசுவதில்லை. சிலர் போத்தலோடு விட்டுச் செல்வர். சிலர், விடுதலை அளிப்பதாக எண்ணிக்கொண்டு மகாவலியிலோ அருகிலுள்ள கானிலோ ஊற்றிவிடுவர். பல நூற்றாண்டுகளாக மனிதன் கையிலிருந்த மீனுக்கு ஆறு விடுதலையன்று. நீண்ட செட்டையும் தீநிறமும் கொண்ட அது முதலில் வரும் கொக்குக்கோ விராலுக்கோ இரையாகும். இரையாகாது பிழைத்தால் கவலை இன்னும் பெரிது. இந்நாட்டு ஓடைகளில் சண்டைமீனின் உறவினங்கள் உள்ளன. இலங்கையிலன்றி வேறெங்கும் இயற்கையில் இல்லாத 'மல்புலுட்டா' என்னும் சிறு மீன் அவற்றுள் ஒன்று. 1937இல் தெரணியகல அதனை விஞ்ஞான உலகுக்கு அறிமுகஞ் செய்தார். ஈரவலயத்துத் தாழ்நிலக் காடுகளின் நிழலான ஓடைகளில், உதிர்ந்த இலைகளிடையே எஞ்சியிருக்கும் அம்மீன் அழியும் அபாயத்தில் உள்ளது. சீயத்து மீனைப் பெயர்சொல்லி வாங்கும் மாணவருள் இதன் பெயரைக் கேட்டவர் எத்துணைபேர்? கடையிலிருந்து வந்த மீனோடு கடையின் நோய்களும் ஓடைக்கு இறங்கக்கூடும். நன்கு உண்டு வளர்ந்த சண்டைமீன் ஒரு கிழமை உணவின்றி இருக்கும். அதற்கு மேலாயின் கண்டியிலோ கம்பளையிலோ வீடுள்ள நண்பரொருவரிடம், பேசினோடும் ஒரு பொதி குருணையோடும் ஒப்படைத்துச் செல்லலாம். அதற்கும் ஆளில்லாதவர் அடுத்த தவணையில் மீன் வாங்காதிருக்கட்டும்.